ஆறு புளிமா, ஒரு மலர்

திருக்குறளில் இடுக்கண் அழியாமை அதிகாரத்தின் மூன்றாம் குறளைப் பரிசளிப்பு விழா மேடைகளில் கேட்கும்போது ஒரு உறுத்தல் எழும். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிய பிறகும் அது போகாது. குறளில் பிழை ஒன்றும் இல்லை. சொல்பவரும் பெரும்பாலும் நல்ல மனிதர். அதிபரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ, மனப்பாடமாக ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஆனால் புத்தளம் மாவட்டத்தின் கரையோரப் பாடசாலை என்றால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் கரைவலை இழுக்கும் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். துன்பம் வந்தால் துவளாதே என்று அவர்களுக்கு யார் சொல்ல வேண்டும்? அதுவும் சுழலும் மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு? விடாமுயற்சியைப் பாடும் கவிதை ஒருவர் வாயில் கவிதையாக இருந்து இன்னொருவர் வாயில் கட்டளையாக மாறிவிடுகிறதோ என்ற சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது. பொருளை மட்டும் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீராது. பொருள் எவர் சொன்னாலும் ஒன்றுதான். ஓசையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏழு சீர்கள். அவற்றில் நான்கில் 'இடும்பை' என்ற ஒரே சொல். மிச்சமிருக்கும் மூன்று சீர்களுக்குள் கவிஞர் சொல்லவந்ததைச் சொல்லி முடித்தாக வேண்டும். கூறியது கூறலை நூற்குற்றங்களில் ஒன்றாக இலக்கணம் எண்ணுகிறது. இங்கே அந்தக் குற்றம் துணிந்து நான்கு முறை செய்யப்பட்டிருக்கிறது. அலகிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் விநோதம். முதல் சீர் நிரைநேர், புளிமா. இரண்டாவது புளிமா. மூன்றாவதும் நான்காவதும் புளிமா. அடி மாறுகிறது, வாய்பாடு மாறவில்லை: ஐந்தாவது புளிமா, ஆறாவதும் புளிமா. ஏழாவதில் நேர் கழன்று நிரை மட்டும் நிற்கிறது, மலர். மாச்சீரை அடுத்து நிரை வந்தால் இயற்சீர் வெண்டளை. ஏழு சீருக்கு நடுவே உள்ள ஆறு பொருத்துகளிலும் அது ஒன்றேதான். விளச்சீரையும் காய்ச்சீரையும் கலந்து நடையை மாற்றிக்கொண்டே போவது வள்ளுவரின் பொது வழக்கம். ஒன்றே முக்கால் அடிக்குள் இரண்டு மூன்று விதமாகக் கால் வைத்து நடக்கத் தெரிந்தவர், இங்கே ஒரே அடியை எடுத்து வைத்து எடுத்து வைத்துப் போகிறார்.

எதுகையும் அதே பிடிவாதத்தோடு இருக்கிறது. முதலடியின் நான்கு சீர்களிலும் இரண்டாம் எழுத்து 'டு'. முற்றெதுகை. இரண்டாம் அடியின் முதல் சீரிலும் அதே 'டு', அடுத்ததில் 'டா'. நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொட்டுத் தொட்டு மீளும் ஒலி ஆறு சீரிலும் ஒரே இடத்தில் விழுகிறது. அந்த 'டா' வெறும் 'டா'வாக இல்லாமல் அளபெடுத்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். அளபெடை இல்லாவிட்டால் அந்தச் சீரில் நிரை ஒன்றுதான் மிஞ்சும். ஓரசைச் சீருக்கு வெண்பாவில் ஈற்றில்தான் இடம். நடுவில் வந்தால் தளை முறியும். ஆகவே ஓர் அகரத்தைக் கூட்டி, நேரசை ஒன்றைச் செய்து, புளிமாவாக நிறுத்தியாயிற்று. பரீட்சைத் தாளில் 'இசைநிறை அளபெடை' என்று எழுதினால் புள்ளி கிடைக்கும், அதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் இந்த இடத்தில் நடந்திருப்பது சாதாரணக் காரியமில்லை. துன்பத்துக்குத் துவளாமையைச் சொல்லும் சொல்லில்தான் மூச்சு போதாமல் போகிறது. அதே சொல்லில்தான் மூச்சை இன்னும் ஒரு மாத்திரை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இப்படியெல்லாம் படிப்பது அதிகப்படியோ என்ற கேள்வி நியாயமானது. 1330 குறள்களில் எதை எடுத்து அலகிட்டாலும் அதில் ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிடலாம். புலவர்களுக்கு அது கைவந்த கலை. யாப்பு பொருளைப் பேசுவதில்லை, யாப்புக்குப் பொருளைப் பற்றிக் கவலையும் இல்லை. ஒரே வாய்பாட்டில் சீர்கள் அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம், ஏனென்றால் 'இடும்பை' என்ற சொல்லை நான்கு முறை வைத்தவுடனேயே நான்கு புளிமா தானாக வந்துவிடுகிறது. இது வலுவான எதிர்வாதம். ஆனால் அடுத்த குறளைப் பக்கத்தில் வைத்தால் எதிர்வாதம் கொஞ்சம் தளரும். அங்கே வண்டியிழுக்கும் எருது வருகிறது. தடைப்படும் இடத்திலெல்லாம் முட்டுக் கொடுத்து இழுக்கும் எருது. அந்தக் குறளின் முதலடி கருவிளம், தேமா, புளிமாங்காய், தேமா என்று மேடு பள்ளமாகக் கிடக்கிறது. இரண்டாம் அடிக்கு வந்ததும் புளிமா, புளிமா என்று சீராகி, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிகிறது. இரண்டு குறளுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்று. நடை முற்றிலும் வேறு. ஒன்று பாதையைப் பற்றிக் கவலைப்படும் நடை, மற்றது பாதையையே பார்க்காத நடை. காதுள்ளவர் ஒருவர் அடுத்தடுத்து இப்படி வைத்தது முழுக்கத் தற்செயல் என்று நம்புவதற்கும் ஒரு பிடிவாதம் வேண்டும்.

புத்தளம் மாவட்டத்தில் இழுப்பு என்றால் எருதைவிட வலைதான் முதலில் நினைவுக்கு வரும். கொழும்பு–புத்தளம் வீதியில் பத்துளுஓயாவில் கடற்பக்கம் திரும்பினால் உடப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஒல்லாந்தர் கால்வாயும் முந்தல் ஏரியும். ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்கும் ஊர். தங்கள் முன்னோர் இராமேஸ்வரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஊர். உடப்பைப் பற்றிப் பேசுகிற எவரும் அம்பாவைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. தண்டு வலிக்கும்போதும், தோணியை மணலில் தள்ளும்போதும், கரைவலை இழுக்கும்போதும் பாடும் பாட்டுக்கு ஈழத்துக் கரைகளில் அம்பா என்று பெயர். வேலை மாறினால் நடையும் மாறும். தண்டுக்கு நீண்ட நடை, தோணி தள்ளக் குத்துநடை, வலைக்கு இடைப்பட்ட நடை.

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் படுத்த பிறகுதான் இந்தப் பக்கம் கரைவலைக் காலம். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். வலையை வளைத்து இறக்கிவிட்டு, மறுமுனையைத் தள்ளி வேறோர் இடத்தில் கரைசேர்க்கும். நடுவில் மீன் சேரும் மடி. இரண்டு முனையிலும் வரிசையாக ஆட்கள். கால் மணலில் புதைய, உடம்பு பின்னால் சாய, கயிறு ஒரு முழம் வரும். உப்பும் மணலும் ஏறிய கயிறு. பிடித்தால் உள்ளங்கையில் அரம் போட்டது மாதிரி இருக்கும். வரிசையின் கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு நீரோரத்துக்கு நடந்துபோய் மறுபடி முதலாவதாகப் பிடிப்பார். அவருக்குப் பின்னால் வந்த கயிற்றை ஒருவர் சுருட்டிக்கொண்டே இருப்பார். மடி நெருங்க நெருங்க, தள்ளி நின்ற இரண்டு வரிசைகளும் கரை வழியே ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வரும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிவிடும், மீன் தப்பிவிடும். ஆகவே கண்ணுக்கு முகம் சரியாகத் தெரியாத தூரத்தில் நிற்கும் இரண்டு கூட்டங்கள் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், ஒரே நேரத்தில் விட வேண்டும். பாட்டு இல்லாமல் இது நடக்காது என்று சொல்ல முடியாது. பாட்டு இருந்தால் சண்டையில்லாமல் நடக்கும்.

ஒருவர் வரியைச் சொல்வார். மற்றவர்கள் 'ஏலேலோ' என்றோ அதுபோன்ற வேறொன்றோ சொல்லி ஏற்பார்கள். வரி சொல்லப்படும்போது கைகள் பிடி மாற்றிக்கொள்கின்றன, மூச்சு உள்ளே போகிறது. ஏற்பு வரும்போது இழுப்பு. அதாவது, அர்த்தமுள்ள பகுதியில் உடம்பு இளைப்பாறுகிறது; அர்த்தமில்லாத பகுதியில்தான் வலை நகர்கிறது. யாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலைகீழாகவே யோசிக்கிறார்கள்: பொருள்தான் பாரம், பல்லவி இளைப்பாறும் திண்ணை என்று. கரையில் அது நேர்மாறு. அந்த வரிகளில் என்ன இருக்கும் என்றால், தெய்வத்தைக் கூப்பிடுவது இருக்கும், மச்சாளைக் கிண்டல் செய்வது இருக்கும், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனத்தைச் சாடையாகக் குத்துவது இருக்கும். 'துவளாதே, விடாதே, முயன்றால் முடியும்' என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. இழுத்துக்கொண்டிருப்பவருக்கு அது தேவைப்படுவதில்லை போலும்.

கார்ல் பூஹர் என்ற ஜெர்மானியப் பொருளியலாளர் 1896இல் 'உழைப்பும் தாளமும்' என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். கூட்டு உழைப்பின் அசைவுகளிலிருந்து கவிதையின் தாளம் பிறந்தது என்பது அவர் வாதம். பர்மிங்ஹாமில் ஈழத்து விமர்சகர் க. கைலாசபதியின் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டிய ஜார்ஜ் தாம்சன் இதே தடத்தில் போனவர். உழைப்புப் பாட்டில் மாறாத பகுதி, மாறும் பகுதி என்று இரண்டு உண்டென்றும், கூட்டாக எழும் அந்த மாறாத கூவல்தான் மூத்தது என்றும் சொன்னவர். கைலாசபதியின் வீரநிலைக் கவிதை ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டில் நூலாக வந்தது. அந்த மரபில் வந்த ஈழத்து விமர்சனம் அம்பாவை உழைக்கும் மக்களின் குரல் என்று மரியாதையோடு பேசியது, சரிதான். ஆனால் மாறும் பகுதியைத்தான் அது அதிகம் படித்தது. சம்மாட்டியைக் குத்தும் வரிகளைத் தேடி எடுத்து வர்க்க உணர்வைக் காட்டியது. மூத்தது என்று தாம்சன் சொன்ன பகுதியில் அர்த்தம் இல்லாததால், அதில் காட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

இந்தக் கரைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் விவரத்திரட்டு ஒன்றைத் தொகுத்தார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைகளை 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வள்ளுவர் அதில் இருக்கிறார். கற்பிட்டிக் கடலோரத்தில் வளர்ந்த மனிதரின் காதில் தோணிப்பாட்டு விழாமலா இருந்திருக்கும்? பெயரில்லாதவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுத வழியில்லை, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என்றாலும், 'இடும்பை'யை நான்கு முறை சொன்னவர் புலவராக நூலில் ஏறுவதும், 'ஏலேலோ'வைக் கரையடையும் வரை சொன்னவர் ஏறாமல் போவதும், கூறியது கூறலில் எது கலை, எது வேலை என்று நாம் போட்டுக்கொண்ட கோட்டினால்தான்.

அந்தக் கோடு அவ்வளவு திடமானது இல்லை. வெண்பாவுக்கு உரியது செப்பலோசை. இருவர் உரையாடுவது போன்றது என்று விளக்குவார்கள். அப்படியானால் அந்தக் குறளில் இன்னொருவர் யார்? தன் துன்பத்தோடு மல்லுக்கட்டும் ஒருவர் தனக்கே சொல்லிக்கொண்டால், நான்கு 'இடும்பை'யும் நான்கு இழுப்பு. மேடையில் நிற்பவர் கீழே இருப்பவருக்குச் சொன்னால், அதே நான்கு குட்டு. இலக்கணத்தில் இதற்கு ஒரு தடயமும் இருக்கிறது. ஆறு புளிமா முடியும்வரை எழுவாய் வருவதில்லை. யார் துவளாதவர் என்பது கடைசி அரைச்சீரில், 'அவர்' என்ற படர்க்கையாக வந்து விழுகிறது. அம்பாவின் ஏற்பில் 'அவர்' கிடையாது, 'நீ'யும் கிடையாது. ஆள் சுட்டும் சொல்லே அதில் இல்லை. கயிற்றைப் பிடித்திருப்பவர் யாரோ அவர் சொல்வது என்பதால் தேவையும் இல்லை.

மேடைகளில் இன்னும் செல்வாக்குள்ள குறள், இதற்கு முந்திய ஆள்வினையுடைமை அதிகாரத்தின் ஒன்பதாவது. தெய்வம் கைவிட்டாலும் உடம்பு வருந்தியதற்கான கூலியை முயற்சி கொடுத்துவிடும் என்கிறது அது. கரைவலைக்காரர் காதில் இது எப்படி விழும் என்று யோசிக்க வேண்டும். கரைவலையில் வருமானம் பங்கு முறை. செலவு கழித்து, சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பிரிப்பது. மடியில் சாளையோ சூடையோ நெத்தலியோ நிறைந்து வந்தால் பங்கு. சொறியும் பாசியும் வந்தால் பங்கு எங்கே? வருந்திய உடம்பு வருந்தியதுதான். அந்த வகையில் மூன்றாம் குறளில் ஒரு நேர்மை இருக்கிறது: அது கூலி எதையும் உறுதி சொல்லவில்லை. துன்பத்துக்குத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நின்றுவிடுகிறது.

துவளாமையைப் புகழ்வது குறள் சொல்லும் மேடைகளோடு நிற்பதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து ஓலைக் கொட்டில்களில் இறங்கினார்கள். பலர் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அவர்களின் பொறுமையையும் விடாமுயற்சியையும் புகழாத அரசியல்வாதி இல்லை. காணி உறுதியும் குடிதண்ணீரும் புகழைவிட மெதுவாகத்தான் வந்தன. தாங்கிக்கொள்பவரைப் பாராட்டுவது, தாங்க வைத்தவருக்கு எவ்வளவு வசதியான காரியம்.

கரைவலைக்கு இப்போது வின்ச் வந்துவிட்டது. உழவு இயந்திரத்தின் பின்னால் பொருத்தி, கயிற்றை உருளையில் சுற்றி இழுப்பது. அது கடலடியைச் சுரண்டி வளத்தை அழிக்கும் என்று எதிர்ப்பவர்கள் உண்டு. இழுக்க ஆள் கிடைப்பதில்லை, வேறு வழி என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பாட்டு போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் பெரும்பாலும் கயிறு பிடிக்காதவர்கள். ஐரோப்பியப் பாய்க்கப்பல்களிலும் இதுவே நடந்தது. பாயை உயர்த்த ஒரு பாட்டு, நங்கூரம் தூக்கும் உருளையைச் சுற்றி நடக்க ஒரு பாட்டு என்று வேலைக்கு வேலை தனித்தனி வகைப் பாட்டு வைத்திருந்தார்கள் மாலுமிகள். நீராவி வந்ததும் அவை வேலையிழந்தன. 1929இல் கேப் வெர்டே தீவுகளருகே உடைந்த 'கார்த்பூல்' கப்பலில் பாட்டுக்காரராக இருந்த ஸ்டான் ஹியூகில், அந்தப் பாட்டுகளையெல்லாம் திரட்டி 1961இல் தடித்த நூலாக்கினார். எந்தச் சொல்லில் இழுக்க வேண்டும் என்பது கையில் காய்ப்பேறிய ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அவரே எழுதவும் செய்தார். அந்த அதிர்ஷ்டம் எல்லாக் கரைக்கும் வாய்ப்பதில்லை.

அம்பா இன்று அதிகம் கேட்பது மேடையில். பாடசாலைப் பிள்ளைகள் சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றி, கயிறு பிடித்து ஆடுவார்கள். பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் கயிற்றின் மறுமுனையில் எடை இல்லை. எடை இல்லாத இடத்தில் தாளம் தானாக ஓடத் தொடங்கும். ஏற்பு வரியின் வாலை மிதித்துக்கொண்டு வரும். உயிர்கள் நீள வேண்டிய இடத்தில் நீளா. குறளின் ஆறாம் சீரில் ஓர் அகரத்தைக் கூட்டியது யாப்பின் தேவை. அம்பாவில் 'லோ' ஒரு மாத்திரையா, நான்கு மாத்திரையா என்பதைத் தீர்மானிப்பது மடியின் கனமும் அலையின் பின்னிழுப்பும். அதை அலகிட முயன்றவர்கள் திணறியதற்குக் காரணம் இதுதான்; நேர், நிரை என்று குறித்துக்கொண்டே வந்தால், ஒரே பாட்டு காலையில் ஒரு கணக்கும் மத்தியானம் ஒரு கணக்கும் காட்டும்.

அச்சில் வேறொரு சிக்கல். நாட்டார் பாடல் தொகுப்புகளைப் புரட்டினால், பெரும்பாலானவற்றில் 'ஏலேலோ' முதலடிக்குப் பக்கத்தில் ஒருமுறை இருக்கும். அதன்பிறகு புள்ளிகள், அல்லது அதுவும் இல்லை. வரிகள் மட்டும் வரிசையாக, எதுகை மோனையோடு, நாலடிக் கண்ணிகளாக நிற்கும். காகிதச் செலவு, படிப்பவரின் சலிப்பு என்று தொகுப்பாசிரியர்களுக்குக் காரணங்கள் இருந்திருக்கும். வள்ளுவரின் குறளை அச்சிடும் எவரும் 'இடும்பை'யை ஒருமுறை போட்டுவிட்டு மற்ற மூன்றுக்குப் புள்ளி வைக்கத் துணிய மாட்டார். அம்பாவுக்கும் அந்த மரியாதையைச் செய்யலாம். நாற்பது வரிப் பாட்டு என்றால் நாற்பது ஏற்பும் அச்சில் வரட்டும், மடி கனத்த இடத்தில் நீண்டது நீண்டபடி, குறுகியது குறுகியபடி. பக்கம் இரட்டிப்பாகும். கண்ணால் மேய்ந்துகொண்டு போகிறவர் பத்தாவது ஏற்பிலேயே சலித்துத் தாளைத் திருப்பிவிடுவார். அப்போது வலை இன்னும் பாதித் தூரம்கூட வந்திருக்காது.